பம்ப் ரூம் வரைக்கும்தான்

எங்கள் வீட்டுக்கும் மெம்பர் மதினி வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் இடுப்பு உயரம்தான். அந்தப் பக்கம் அவள் நட்ட முருங்கை, மதிலைத் தாண்டி எங்கள் கிணற்றடி வரை கிளை விட்டிருந்தது. ஒரு நாள் குழம்புக்கு ஒன்றும் இல்லையென்று அம்மா எட்டி நாலைந்து காய் பறித்துவிட்டாள். மதினி தன் அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"யத்தே, அது எங்க காய்லா?"

"கிளை எங்க பக்கம்லாட்டி கெடக்கு," என்றாள் அம்மா.

"கிளை எங்கன கெடந்தா என்ன? தூரு எங்க பக்கத்துல இருக்கு."

அம்மா காய்களை மதில் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்து மழைக்காலம் வந்தது. அதே கிளை முழுக்கக் கம்பளிப்பூச்சி. குளிக்கப் போன எனக்குக் கழுத்து, முதுகு எல்லாம் தடித்து, சொறிந்து சொறிந்து உயிர் போனது. மதில் மேல் எட்டி, "மதினி, ஒங்க பூச்சிகளக் கொஞ்சம் கூப்பிட்டுக்கிடுங்க," என்றேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தக் கிளையில இருக்கு?"

"எங்க பக்கத்துக் கிளையில."

"அப்பம் ஒங்க பூச்சிதான் கொழுந்தப்பிள்ளே. காயிதான் எங்களுது."

இப்படித்தான் இருந்தாள் மதினி. எல்லை என்று ஒன்று அவளுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அது நிற்கிற எல்லை இல்லை, நடக்கிற எல்லை. வேண்டியது அந்தப் பக்கம் இருந்தால் எல்லை எழுந்துபோய் அதையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். வேண்டாதது இந்தப் பக்கம் இருந்தால் நைசாகப் பின்வாங்கிவிடும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், குத்துக்கல்வலசைக்கு அக்கம்பக்கத்தில் இருந்தது எங்கள் ஊராட்சி. ஊர்ப்பெயரைச் சொன்னால் மதினியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை. அவள் பெயரையும் நான் யார் வாயாலும் கேட்டதில்லை. வார்டு மெம்பராக ஜெயித்த நாளிலிருந்து ஊர் முழுக்க அவளை மெம்பர் என்றே கூப்பிட்டது. அரிசி மில்லில் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர்கூட, "மெம்பரு, சோறு இருக்கா?" என்றுதான் கேட்பார். அதற்கு மேல் அந்த மனிதர் பேசி நான் கேட்டதில்லை.

அவளுடைய வார்டு எங்கள் தெருவும் அதன் தெற்குக் கோடியில் ஒரு வரிசை வீடுகளும். தெரு முடிகிற இடத்தில் தண்ணீர் ஏற்றும் பம்ப் ரூம். அதைத் தாண்டினால் பாலத்து வரிசை என்று நாங்கள் சொல்லும் வீடுகள். பிறகு ஓடை, ஓடை மேல் சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுன், அதாவது நகராட்சி. பாலத்தை ஒட்டிக் கடைசி வீட்டில் என் அம்மாவின் தங்கை, பேச்சியம்மா சித்தி, தனியாக இருந்தாள். சித்தப்பா இறந்த பிறகு நூறு நாள் வேலைக்குப் போய்த்தான் அவள் அடுப்பு எரிந்தது.

சித்தி வீட்டு வாசலுக்கு எதிரே ரோட்டோரம் ஒரு பள்ளம். அதில் யார் எப்போது முதல் கூடையைக் கொட்டினார்கள் என்று தெரியாது. நான் பார்க்க அது ஒரு மேடாகவே இருந்தது. கோழி இறகு, இளநீர்க் கூடு, சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் வேனிலிருந்து வீசும் பிரியாணித் தட்டு, எண்ணெய்ப் பாக்கெட், எல்லாம் அங்கேதான் சேரும். காற்று வடக்கே அடித்தால் எங்கள் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

கிராமசபைக் கூட்டத்தில் சித்தி தவறாமல் எழுந்து அதைக் கேட்பாள். மதினியும் தவறாமல் ஒரே பதிலைச் சொல்லுவாள்.

"இன்னா பாருங்க, நம்ம எல்லை பம்ப் ரூம் வரைக்கும்தான். அதுக்குத் தெக்க குப்பை கெடந்தா டவுன்லதான் போய்ச் சொல்லணும். நான் என்ன செய்ய?"

"ஏட்டி, அப்பம் என் வீடு எங்கன இருக்கு? ஓட்டுக் கேட்டு மட்டும் வந்தியே?"

"வீடு நம்ம வார்டுதான் யத்தே. வாசல்தான் டவுன்ல இருக்கு."

கூட்டம் சிரிக்கும். சித்தி யாரையும் பார்க்காமல் பொதுவாக, "சவம், இவகிட்டப் பேச முடியுமா," என்று உட்கார்ந்துவிடுவாள். மேலிடத்திலிருந்து யார் ஆய்வுக்கு வந்தாலும் மதினி முந்திக்கொண்டு போய் அதே பாட்டைத்தான் பாடுவாள். பம்ப் ரூம் வரைக்கும்தான், பம்ப் ரூம் வரைக்கும்தான் என்று சொல்லிச் சொல்லி, புதிதாக வந்தவர்கள் அது ஏதோ சட்டத்தில் எழுதியிருப்பதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவளைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தன் எல்லைக்குள் இருப்பதாக அவள் முடிவு செய்துவிட்டால், அந்த ஆளுக்கோ பொருளுக்கோ பிறகு ஒரு குறையும் வராது. எங்கள் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி பறித்து அரைத்துக் கொடுத்து, அம்மா குடித்து முடிக்கும் வரை இடுப்பில் கைவைத்து நின்றவள் அவள்தான். பம்ப் ரூமுக்கு வடக்கே ஒரு தெருவிளக்கு அணைந்தால் மறுநாள் லைன்மேன் அவள் வாயில் விழுந்து எழுந்திருப்பார்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அப்போது நான் ரிசப்ஷனில் இருந்தேன். சீசனில் ஒரு நாள் தெருப் பெண்களையெல்லாம் மதினி ஐந்தருவிக்குக் கூட்டிவந்திருந்தாள். அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதற்காக நானும் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் நெருக்கித் தள்ளும் கூட்டம். வெளியூர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கூச்சல் போட, அதற்கெல்லாம் மேலே ஒரு குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இங்கன எங்க ஆளுக வருதாவ! இது எங்க வார்டுத் தண்ணி!"

எட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து, தலையில் தண்ணீர் அடிக்க அடிக்கக் கண்ணை மூடிக்கொண்டு, பாறையில் காலை அகட்டி நின்றிருந்தாள். அவள் கைக்குக் கீழே எங்கள் தெரு குளித்துக்கொண்டிருந்தது. முட்டிவலிக்காரியான பேச்சியம்மா சித்தியை நடுவில் உட்காரவைத்து, மேலே விழுகிற தண்ணீரைத் தன் தோளில் வாங்கி அளவாக அவள் முட்டியில் விழ விட்டுக்கொண்டிருந்தாள். அங்கே பாலத்து வரிசை அவள் எல்லைக்குள்தான் இருந்தது. மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர், "அருவியில என்னம்மா வார்டு?" என்று கேட்டதற்கு, "சீசன்ல வந்துட்டுப் போறவியளுக்கு அது தெரியாது," என்றாள்.

தென்காசி தனி மாவட்டமான பிறகு டவுன் வீங்க ஆரம்பித்தது. வயலெல்லாம் பிளாட் ஆனது. எந்த ஊரை நகராட்சியில் சேர்ப்பது, எதை ஊராட்சியாகவே விடுவது, வார்டுகளை எப்படித் திருத்துவது என்று ஆய்வு நடப்பதாகப் பேச்சு வந்தது. டீக்கடையில் ஆளுக்கொரு வரைபடம் போட்டார்கள். கடைசியில், எங்கள் ஊராட்சி அப்படியே இருக்கும், டவுனை ஒட்டிய ஓரத்தை மட்டும் நேராக்குவார்கள் என்று தெரிந்தது. ஜனங்களிடம் கருத்துக் கேட்க ஒரு அதிகாரி வந்தார். சர்வேயர் ஒருவரும் கூட வந்தார். ஊராட்சி அலுவலக வாசலில் பந்தல் போட்டிருந்தோம்.

அதிகாரி நல்ல மனிதர். நிதானமாக விளக்கினார். "வரைபடத்துல பாலத்துக்கிட்ட ஒரு எல்லைக்கல் காட்டுது. தரையில அப்படி ஒரு கல்லே இல்லை. ஆனா உங்க மெம்பர் ரொம்ப வருஷமா பம்ப் ரூம் வரைக்கும்தான் ஊராட்சின்னு சொல்லிட்டு வர்றாங்க. யாரும் மறுத்ததாவும் தெரியல. அதனால கோட்டை பம்ப் ரூம்லயே போட்டுரலாம்னு இருக்கோம்."

பந்தலில் எல்லாத் தலையும் மதினி பக்கம் திரும்பியது. மதினியின் வீட்டுக்காரருக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே போனார்.

பேச்சியம்மா சித்தி எழுந்து நின்றாள். "அப்பம் எங்க வரிச?"

"டவுன்ல வந்துரும்மா. நல்ல ரோடு கிடைக்கும், குப்பை வண்டி வரும்."

"நூறு நாள் வேலை?"

"அது ஊராட்சிக்காரங்களுக்கு மட்டும்தாம்மா. நகராட்சியில கிடையாது."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்த வயதில், அந்த முட்டியோடு, வேறு எங்கே போய் அவள் வேலை கேட்பாள்? எனக்கு மதினி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

மதினி எழுந்தாள். வழக்கமான குரல் இல்லை. "சார், பம்ப் ரூம்னு நான் சொன்னது குப்பைக்கு."

"புரியல."

"குப்பைக்குப் பம்ப் ரூம். வேலைக்குப் பாலம்."

"குப்பைக்கு ஒரு எல்லை, வேலைக்கு ஒரு எல்லைன்னு வைக்க முடியாதும்மா," என்றார் அதிகாரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. மதினி அதைப் பார்த்துவிட்டாள். "நாளைக்குக் காலையில இடத்தைப் பார்த்துட்டு முடிச்சிரலாம்," என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

அன்று சாயங்காலம் எங்கள் கிணற்றடியில் ஒரு முற்றிய முருங்கைக்காய் விழுந்தது. அம்மா வேண்டுமென்றே சத்தமாக, "காய் விழுந்து கெடக்கு," என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. துணி துவைக்கிற சத்தமும் இல்லை. வாளியில் ஊறவைத்த துணி அப்படியே இருக்க, மதினி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அதிகாரியும் சர்வேயரும் பம்ப் ரூம் முன்னால் வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. மதினி அவர்களிடம் போகாமல் என்னிடம் வந்தாள்.

"கொழுந்தப்பிள்ளே, ஒரு கல்லத் திருப்பணும். கொஞ்சம் கைகுடுங்க."

எல்லாரையும் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அவள் வீட்டுக்காரர் ஏற்கெனவே கடப்பாரையோடு நின்றார். துவைக்கிற கல்லில் சோப்பு நுரை காயவில்லை. நாங்கள் இருவரும் நெம்பிப் புரட்டினோம். அடிப்பக்கத்து மண்ணை மதினி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கல்லில் வெட்டிய அம்புக்குறி பளிச்சென்று தெரிந்தது.

சர்வேயர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்க கல்லாச்சே!" என்றார்.

"ஆமா சார். கல்யாணமாகி வந்த புதுசுல எங்களுக்குத் தொவைக்கக் கல்லு இல்ல. பாலத்துக்கிட்ட இது சும்மாதான நிக்குதுன்னு இவுகளக் கொண்டாரச் சொன்னேன். கேட்டியளா, அப்பம் எனக்கு எல்லைன்னா என்னன்னே தெரியாது."

இத்தனை வருஷம் எங்களுக்கெல்லாம் எல்லையைப் பற்றிப் பாடம் எடுத்தவள், எல்லைக்கல்லின் மேல்தான் எங்களுக்கு எதிரிலேயே சேலை துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "எல்லைக்கல்லைப் பிடுங்குறது குற்றம். இதுக்குக் கேஸ் போடலாம், தெரியுமாம்மா?"

"போடுங்க சார். எந்த ஸ்டேஷன்ல போடுவிய? பாலத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டா? கல்லு எங்கன நின்னுச்சுன்னு முடிவாகாம எப்படிப் போட முடியும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வேயர்தான் சிக்கலான கேள்வியைக் கேட்டார். "கல்லு உங்க வீட்டுல இருக்கு. அது பாலத்துக்கிட்டதான் நின்னுதுன்னு எப்படி நம்புறது? நாளைக்கு இன்னொருத்தர் வேற இடத்தைக் காட்டுவார்."

அப்போது மதினியின் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "மீதி அங்கனதான் கெடக்கு."

"என்ன மீதி?"

"நான் கடப்பாரை போட்டதுல மேல்பாதி ஒடஞ்சு வந்துட்டு. அடிப்பாதி மண்ணுக்குள்ளயே நின்னுட்டு."

"எந்த இடத்துல?"

அவர் மதினியைப் பார்த்தார். மதினி தெற்கே பார்த்தாள். எல்லாரும் அவள் பார்த்த பக்கம் பார்த்தோம். தூரத்தில், சித்தி வீட்டு வாசலுக்கு எதிரே குப்பைமேடு வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

தெரு சிரித்த சிரிப்பு டவுன் வரை கேட்டிருக்கும். "மெம்பரே, அது டவுன் குப்பைலா! தொடலாமா?" என்று ஒருவன் கத்தினான். "ஏலே, மூடு வாய," என்று மதினி சேலையைத் தூக்கிச் செருகினாள். சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே போய் மேட்டில் இறங்கினாள். ஒரு வெட்டு வெட்டியதும் எழும்பிய நாற்றத்தில் அதிகாரி பத்தடி பின்னால் போனார். மதினி பின்வாங்கவில்லை. இறகும் எலும்பும் மட்டையுமாக வாரி வாரிப் பின்னால் தள்ளினாள். நடுவில் ஒரு தடவை ஓரமாகப் போய் ஓங்கரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பேச்சியம்மா சித்தி தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய், நூறு நாள் வேலைக்குக் கொண்டுபோகிற சட்டியை எடுத்துவந்து மதினி பக்கத்தில் குனிந்தாள். அதைப் பார்த்துப் பாலத்து வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். டிராக்டர் ஒன்றை நான் பிடித்துவந்தேன்.

குப்பையை வழித்து மண் தெரிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மண்வெட்டி எதிலோ ணங்கென்று பட்டது. மதினி கையாலேயே மண்ணைத் தள்ளினாள். மொட்டையாக உடைந்த கல் ஒன்று தலைகாட்டியது. துவைக்கிற கல்லை நாங்கள் தூக்கிவந்து அதன் மேல் வைத்துத் திருப்பினோம். உடைந்த வாயும் உடைந்த வாயும் கச்சிதமாகப் பொருந்தின. யாரோ விசில் அடித்தார்கள்.

அதிகாரி மூக்கைத் துண்டால் மூடியபடி வந்து பார்த்தார். "சரி, எல்லை பாலம்தான்," என்றார். கேஸைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. "ஆனா இந்தக் கல்லு இனிமே வீட்டுக்குப் போகக் கூடாதும்மா. புதுக்கல் நடுற வரைக்கும் இங்கதான் கிடக்கணும்," என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். மதினி சரி என்று தலையாட்டினாள்.

எல்லாரும் கலைந்த பிறகு சித்தி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தாள். மதினி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சகதி.

"ஏட்டி, நீ பேசாம இருந்திருக்கலாம்லா," என்றாள் சித்தி. "கல்லும் ஒனக்கு மிஞ்சியிருக்கும். குப்பையும் டவுனுக்குப் போயிருக்கும்."

மதினி மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "எம்புள்ளைக பீத்துணியெல்லாம் ஒன் வாசல்ல எடுத்த கல்லுல போட்டுத்தானே அலசுனேன். ஒன்ன எப்படி டவுனுக்கு விட?"

சித்தி அவள் தலையில் ஒட்டியிருந்த கோழி இறகை எடுத்துப் போட்டாள். முந்தின நாள் அவள் மேல் வைத்திருந்த கோபத்தை அந்த இடத்திலேயே விட்டேன்.

அதற்காக அவள் திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கல் வீட்டுக்கு வரக் கூடாது என்றுதானே உத்தரவு? மறுநாள் காலை மதினி வாளியும் சோப்புமாக வீட்டிலிருந்து கிளம்பி, பம்ப் ரூமைத் தாண்டி, பாலத்துக்கு வந்துவிட்டாள். அங்கே தெருக்குழாய் இருந்தது. குப்பை போன இடம் சுத்தமாகக் கிடந்தது. கல்லைச் சாய்த்துப் போட்டு, படீர் படீரென்று துவைக்க ஆரம்பித்தாள். நுரைத் தண்ணீர் சரிவில் ஓடி நேரே சித்தியின் கோலத்தில் போய் ஏறியது. லாட்ஜுக்குப் போய்க்கொண்டிருந்த நான் சைக்கிளை நிறுத்தினேன்.

சித்தி வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்தாள். "ஏட்டி மெம்பரு! என் கோலமெல்லாம் கரையுது. இங்கன வந்துதான் தொவைக்கணுமா?"

"ஏன், பாலம் வரைக்கும் எங்க வார்டுதானே?" மதினி நிமிரவில்லை. "எங்க வார்டுல நான் தொவைக்கேன். ஒனக்கு என்ன?"

சித்தி விருட்டென்று உள்ளே போனாள். சண்டைக்கு விளக்குமாறு எடுத்துவரப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். தன் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"தள்ளிக்கோ," என்றாள்.

மதினி தள்ளிக்கொண்டாள்.